ஆளில்லாத பேர்

இலுப்பூரில் ரஞ்சிதாவைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றாலேயே விரட்டிவிட்டு, அதே கையோடு வாசலையும் பெருக்கி முடித்தவள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை. டி.சி. கேட்டு வந்து மேசையைத் தட்டிய ஒரு மீசைக்காரரை, "மேசை என்னங்க பண்ணுச்சு ஒங்கள?" என்று கேட்டே உட்கார வைத்தவள். அப்பேர்ப்பட்ட மனுஷி ஒரு மிஷினுக்குப் பயந்து ஓடி வந்தாள். ஓடி வந்ததோடு விட்டாளா? புருஷனிடம் பொய் வேறு சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்க மாட்டாள். இரண்டாவதற்கும் வாய் திறக்க மாட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் "இந்தா வாரேன்" என்பாள். செத்தவர்கள் கூப்பிட்டால் இரண்டு தரத்தோடு நிறுத்திவிடுவார்களாம். மூன்றாவதாகக் கூப்பிட உயிரோடு இருக்கிறவர்களால்தான் முடியுமாம். அந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்பதுதான் இது. வளர்ந்ததும் மறந்துவிடுவார்கள். ரஞ்சிதாவும் மறந்துதான் இருந்தாள், அவளுடைய அக்கா அன்புமொழி சாகிற வரைக்கும்.

ஒரு மத்தியானம் அன்புமொழி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "இந்தா வாரேன்" என்றாள். யாரும் கூப்பிடவில்லை. ரஞ்சிதா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா பதில் சொல்ற?"

"அம்மா கூப்பிட்டுச்சுல்ல, ஒனக்குக் கேக்கல?"

அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆடியில் அன்புமொழிக்கு மாரில் கட்டி என்று தெரிந்தது. தை பிறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. கட்டி இருப்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும், வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் காட்டவில்லை, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அது ரஞ்சிதாவின் காதில் ஏறவே இல்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்ட அந்தப் பதில் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மூன்றாவது குரலுக்குத்தான் பதில். அவள் புருஷன் ஆத்மநாதன் உரக்கடைக்காரர், பாவம், வீட்டுக்குள்ளேயே கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

மகள் அறிவுமதி சென்னையில் வேலை பார்க்கிறாள். "பெரியம்மாவுக்கு வந்திருக்குல்ல, நீ வருஷா வருஷம் பாத்துக்கணும்மா" என்று அவள் சொல்லாத நாளில்லை. ரஞ்சிதாவும் சாக்குச் சொல்லாத வருஷமில்லை. ஒரு வருஷம் பரீட்சை வேலை. ஒரு வருஷம் கொழுந்தன் வீட்டுக் கிரகப்பிரவேசம். இந்த வருஷம் மகள் கேட்கவில்லை, பேசவில்லை. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனைக்குத் தானே பதிவு செய்துவிட்டு, அப்பாவின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டாள். அம்மாவின் நம்பரைக் கொடுத்தால் எடுக்க மாட்டாள் என்று பெற்ற மகளுக்குத் தெரியாதா?

போனாள். ரத்தம் கொடுத்தாள், பிரஷர் பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். கடைசியில் வராண்டாவின் கோடியில் ஒரு ரூம். மார்பகத்தைப் படம் எடுக்கிற மிஷின் அதற்குள் இருந்தது. வெளியே ஒரு பெஞ்சு. பக்கத்தில் ஒரு பெண் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிருக்குச் சுற்றியிருக்கிறாள் போலும் என்று ரஞ்சிதா நினைத்தாள். அதற்கு மேல் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தாள்? காத்திருக்கிறவர்கள் யாரும் பேசவில்லை. தலைக்கு மேலே ஒரு டியூப்லைட் மட்டும் முணங்கிக்கொண்டிருந்தது.

"ரஞ்சிதா..."

கதவு திறக்கவே இல்லை. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. ஆனால் கடைசி எழுத்தில் அந்த இழுப்பு இருந்ததே, அது உலகத்தில் அவளுடைய அக்கா ஒருத்தி மட்டும் கூப்பிடுகிற விதம். ரஞ்சிதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ரஞ்சிதா!" இது நர்சின் குரல்.

இரண்டு ஆயிற்று. மூன்றாவது வரட்டும், வந்தால் எழுந்து போவது, இல்லையென்றால் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது. கண்ணைத் திறந்தால் பெஞ்சில் அவள் மட்டும்தான். மூன்றாவது தரம் கூப்பிடவில்லை, அவ்வளவுதான், என்மேல் என்ன தப்பு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பையைத் தூக்கினாள். இலுப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் ஆத்மநாதன்.

"எல்லாம் எடுத்தாச்சு. நல்லா இருக்குன்னாங்க" என்றாள் மகராசி.

இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் ஆத்மநாதன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டி, நல்லா இருக்குன்னுதானே சொன்ன?"

"என்னங்க?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. ஒன் எடது மாருல சின்னதா என்னமோ தெரியுதாம். இன்னொரு படம் எடுக்கணுமாம், ஊசி வச்சும் பாக்கணுமாம். ஒடனே கூட்டிட்டு வாங்கங்கிறாக." சொல்லி முடிக்கும் முன்னாலேயே மனிதர் உடைந்து அழுதுவிட்டார். உர மூட்டையோடு மூட்டையாக முப்பது வருஷம் காய்ந்துபோன ஆள் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அந்த ரூமுக்குள் அவள் காலெடுத்து வைக்கவே இல்லையே! மிஷின் எந்த நிறம் என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. அப்படியென்றால் உள்ளே போனது யார்?

மறுநாள் ஆபீசிலிருந்து நர்சுக்குப் போன் போட்டாள். ரெஜினா என்று பேர் சொன்னாள், கனிவான பெண்.

"சிஸ்டர், அன்னைக்கு உள்ள வந்தது நான்தான்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

ரெஜினா சிரித்தாள். "என்னக்கா இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்கள மறக்க முடியுமா? ரஞ்சிதாதானேன்னு கேட்டேன், ஆமான்னு தலைய ஆட்டுனீங்க. அதுக்கப்பறம் ஒத்த வார்த்தை பேசல. மிஷினைப் புடிச்சுக்கங்கன்னு சொன்னதும் புடிச்சீங்க பாருங்க, அஞ்சு வெரலும் கறுப்பா பதிஞ்சு போச்சு. ஸ்பிரிட் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன், இன்னும் போகல."

"கறுப்பாவா?"

"கை அப்பிடித்தானேக்கா இருக்கு ஒங்களுக்கு. முந்திரி ஒடைச்சு ஓட்டெண்ண ஏறுன கைதானே அது? எங்க சின்னம்மா கையும் அப்பிடித்தான் இருக்கும், ஆதனக்கோட்டையில. பயப்படாதீங்க, ஆரம்பம் மாதிரிதான் தெரியுது. ஆனா நாளக் கடத்தாதீங்க."

போனை வைத்துவிட்டு ரஞ்சிதா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனா மைகூட இல்லாத வெள்ளைக் கை. அப்படியும் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அன்று சாயங்காலத்திலிருந்துதான் வீட்டில் அது ஆரம்பித்தது. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஆத்மநாதன், "ரஞ்சிதா" என்று கூப்பிட்டார். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு அடுத்த குரலுக்காக நின்றாள். வரவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

"கூப்பிட்டீங்களா?"

"காப்பி கேக்கலாம்னு கூப்பிட்டேன். அதான் இந்தா வாரேன்னு சொல்லிட்டியே, போட்டுக் கொண்டாருவன்னு ஒக்காந்திருக்கேன்."

"நான் எங்க சொன்னேன்?"

"அட, ஒன் குரல் எனக்குத் தெரியாதா? மொதக் குரலுக்கே சொன்னியே. மனசு மாறிட்டா போலருக்குன்னு நெனச்சேன்."

மறுநாள் காலையில் பால்காரப் பெண் சண்டைக்கு நின்றாள். "வாசல்ல நின்னு கூப்பிட்டேன், இந்தா வாரேன், இந்தா வாரேன்னு உள்ளேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கீங்க, ஆளையே காணோம்! எனக்கு வேற வேலை இல்லையா?" அந்த நேரத்தில் ரஞ்சிதா தெருமுனைக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய பேர் அவளை விட்டுப் பிரிந்து தன் இஷ்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இடது மாரில் வலியும் வந்துவிட்டது. கதவைத் தாளிட்டுக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் வலித்தது, சத்தியமாக வலித்தது.

புத்தி இருக்கிற பெண்தான். படம் வேறு யாரோ ஒருத்தியுடையது என்று தெரியாமலில்லை. போய் உண்மையைச் சொல்லி, தன்னை ஒருமுறை படம் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் போக முடியவில்லை. பேருக்கு வந்த நோய் ஆளுக்கு வராமல் இருக்குமா? இப்போது மிஷினில் நின்றால் அதே இடத்தில் அதே புள்ளி தெரியும் என்று அடித்துச் சொன்னது அவள் மனசு. அந்தக் கறுப்புக் கைக்காரியைக் கண்டுபிடித்து, அவளுடையதை அவளிடமே ஒப்படைத்துவிட வேண்டும். இரக்கப்பட்டுப் போனாளா? அதெல்லாம் பிறகு. முதலில் திருப்பிக் கொடுக்கத்தான் போனாள்.

நார்த்தாமலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை வந்து, தஞ்சாவூர் பஸ் பிடித்து ஆதனக்கோட்டையில் இறங்கினாள். ரோட்டோரமெல்லாம் முந்திரி வறுக்கிற கொட்டகைகள். சட்டியில் கொட்டை தீப்பிடித்து எரிய, கரும்புகை ரோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. கார்க்காரர்கள் நிறுத்திப் பருப்பு வாங்கிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி போனார்கள். கொட்டகைக்குள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்காக எல்லோரும் கண்ணுக்குக் கீழே துணி கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் கறுப்புக் கை.

ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டியது. இதில் யார் என்று தேடுவது? பேர் தெரியாது, முகத்தைப் பார்த்ததில்லை. முதல் கொட்டகையில் விசாரித்தாள், இரண்டாவதில் விசாரித்தாள். "புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு யாரும் போனீங்களா?" என்றால் எல்லோரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். எந்தப் பெண் நாலு பேர் நடுவில் ஆமாம் என்பாள்? மூன்றாவது கொட்டகையில் புகை இன்னும் கெட்டி. கடைசியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு பேர்தான், அதுவும் அவளுடையது. அதைத்தான் கூப்பிட்டாள்.

"ரஞ்சிதா!"

தன் பேரைத் தானே சத்தம் போட்டுக் கூப்பிட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. கட்டைகள் தட்டிக்கொண்டே இருந்தன.

"ரஞ்சிதா!"

தட்டுவது நின்றது. ஒருத்தி நிறுத்தி, பக்கத்தில் இருந்தவள் நிறுத்தி, கொட்டகை முழுக்க அமைதியாகிவிட்டது. எல்லாக் கண்களும் துணிக்கு மேலாக அவளையே பார்த்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவேளை நான்தான் செத்துப்போனேனோ, அதனால்தான் யாரும் பதில் சொல்லாமல் இருக்கிறார்களோ என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது தரம் கூப்பிட்டாள்.

"இந்தா இருக்கேன்" என்றது புகைக்குள்ளிருந்து ஒரு குரல்.

எழுந்து வந்தவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடிக்கு வந்ததும் துணியை இறக்கினாள். களைத்த முகம். பயந்துபோன கண்.

"நீங்க யாருங்க தாயி?"

"நான்தான் ரஞ்சிதா."

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் வைத்தாள். "உசுரோடவா இருக்கீங்க?" என்றாள்.

என்ன கேள்வி இது! ரஞ்சிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னையப் பாத்தா எப்பிடித் தெரியுது? என் பேரச் சொல்லி உள்ள போனியே, எதுக்குப் போன? எடது மாருல என்னமோ இருக்குன்னு எங்க வீட்டுக்குப் போன் வருது. என் புருஷன் சோறு எறங்காமக் கெடக்குறாரு."

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கை இரண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"என் பேரு பிச்சை. பிச்சையம்மான்னு கூப்பிடுவாக. எங்க ஆத்தாவுக்கு நாலு புள்ள பொறந்து பொறந்து செத்துச்சு. அஞ்சாவது நான். பொறந்தொடனே குப்பைமேட்டுல போட்டு, தவிட்டைக் கொடுத்து வெலைக்கு வாங்குன மாதிரி எடுத்து, பிச்சைன்னு பேரு வச்சாக. வேண்டாத பேரா இருந்தா எமன் சீண்ட மாட்டான்ல? அந்தப் பேரால ஏமாந்துதான் அவன் இம்புட்டு நாளும் என்னைய விட்டுவச்சிருக்கான். மாருல கட்டி தட்டுப்பட்டு மூணு மாசமாச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டேன், தாயி. ஆனா பொழைக்கணும்னு வந்து எம் பேரச் சொன்னா, இவ வேண்டாதவ இல்லைன்னு அங்கிட்டே சுத்திக்கிட்டு இருக்கிறவனுக்குத் தெரிஞ்சுராது? அதான் சொல்ல மனசு வராம பெஞ்சிலயே ஒக்காந்திருந்தேன்."

"அதுக்கு என் பேரா கெடச்சுச்சு?"

"ரெண்டு தரம் கூப்பிட்டாக. ஒருத்தரும் எந்திரிக்கல. செத்தவ பேரு போலருக்கு, ஆளில்லாத பேருன்னு நெனச்சேன். அந்தப் பேருல போயி நின்னா வர்றது அந்தப் பேரோட போயிரும்ல? யாருக்கும் கெடுதல் இல்லையேன்னுதான் எந்திரிச்சேன். பக்கத்துல கண்ண மூடி ஒக்காந்திருந்தது நீங்கதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஐயையோ, ஒங்களுக்குப் புள்ள இருக்கா? அது ஒங்க ஒடம்புக்கு வந்துருச்சா?"

திருப்பிக் கொடுக்க வந்தவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னுடைய கட்டியை மறந்துவிட்டு இவள் உடம்புக்காக அழுகிறாளே இந்தப் பாவி!

"ரெண்டு தரம்னா?" என்றாள் ரஞ்சிதா மெதுவாக. "நர்சு ஒரு தரந்தானே கூப்பிட்டுச்சு."

"ரெண்டாவதுதான் நர்சு. மொதக் குரலு வேற. எனக்கும் கேட்டுச்சு. கடைசில இழுத்து, பாசமாக் கூப்பிட்டுச்சு. யாரும் பதில் சொல்லல. பாவமா இருந்துச்சு தாயி, அந்தக் குரலக் கேட்டா. நான் எந்திரிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்."

ரஞ்சிதா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தக் குரல் தன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அக்கா ஒருநாளும் அவளுக்குக் கெட்டது நினைத்தவளில்லை. தான் போகாமல் கெட்ட இடத்துக்குத் தங்கச்சியாவது போகட்டும் என்றுதான் அங்கே நின்று கூப்பிட்டிருக்கிறாள். அது ஏன் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை? ரோட்டில் பஸ் போகிற சத்தத்துக்கு நடுவே வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "எந்திரிக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். அக்கா என்ற சொல் அவள் வாயில் வந்து எவ்வளவோ காலமாயிற்று.

பிச்சையம்மா அசையவில்லை. "ஒங்க பேருல இனிமே நிக்க முடியாது. எம் பேருல நிக்கப் பயமா இருக்கு."

"ஆரம்பம்னு சொல்றாங்கக்கா. இப்பப் போனா பொழைச்சுக்கலாம். எங்க அக்கா போகாமத்தான் செத்தா."

"அப்ப நீங்க ஏன் போகல?"

நறுக்கென்று கேட்டுவிட்டாள். பிச்சையம்மா கண்ணைத் துடைத்தாள், கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்று விழுந்தது. "நீங்க மொதல்ல அதுக்குள்ள போயிட்டு உசுரோட வெளிய வாங்க. பேருக்குச் சொந்தக்காரி போகாம நான் எப்பிடித் தாயி போறது? வேணும்னா என் பேர நீங்க வச்சுக்கங்க. பிச்சைன்னு சொல்லிட்டு உள்ள போங்க. அது காப்பாத்துற பேரு. ஒங்கள ஒண்ணும் செய்யாது."

சும்மா சொல்லக் கூடாது, ரஞ்சிதாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. படித்தவள், ஆபீஸ்காரி, எல்லாம் சரி. ஆனால் இலவசமாக ஒரு கவசம் கிடைத்தால் யாருக்குத்தான் கை நீளாது? ஒரு நிமிஷம் அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தாள். பிறகு தலையை உதறினாள்.

"வேணாங்க்கா. அது ஒங்களுக்கு வேணும். நாளைக்குக் காலையில புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வாங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஆத்மநாதனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மனிதருக்கு முதலில் சந்தோஷம், அப்புறம்தான் கோபம். "கழுத, கழுத! இத்தனை நாளும் நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன்!" என்று சத்தம் போட்டார். பிறகு, "அந்தம்மா வரலைன்னா நானே ஆதனக்கோட்டைக்குப் போயித் தூக்கிட்டு வாரேன்" என்றார். சாதம் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார்.

பிச்சையம்மா வந்தாள். நல்ல சேலை உடுத்தி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வந்திருந்தாள். கறுப்பு போகவில்லை. ஆஸ்பத்திரியில் ரெஜினா இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "என் வேலையப் போக்கப் பாத்தீங்களேக்கா ரெண்டு பேரும்!" என்று வைது, டாக்டரிடம் போய்ச் சொல்லி, தானும் நாலு வசவு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்து வைத்தாள்.

"ரஞ்சிதா முதல்ல வாங்க."

உள்ளே குளிராக இருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி மிஷின் முன்னால் நின்றாள். பக்கவாட்டுப் பிடியில் அந்த ஐந்து விரல் தடம் மங்கலாகத் தெரிந்தது. வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அதன்மேலேயே தன் விரல்களை வைத்தாள். தட்டு இறங்கி மாரை அழுத்தியது. வலித்தது, தாங்க முடியாத வலியெல்லாம் இல்லை. இதற்கா இத்தனை வருஷம்?

"மூச்ச அடக்குங்க. ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரெஜினா தடுப்புக்குப் பின்னால் போனாள்.

அடக்கினாள். அந்த நிசப்தத்தில் தோளுக்குப் பின்னால், மிக அருகில், கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு அது கேட்டது.

"ரஞ்சிதா..."

"இந்தா இருக்கேங்க்கா" என்றாள் உடனே.

"ஐயோ, பேசாதீங்க! படம் ஆடிப்போச்சு!" என்று ரெஜினா கத்தினாள். "ஒங்கள யாரு கூப்பிட்டா இப்ப? மறுபடி எடுக்கணும்."

மறுபடி எடுத்தார்கள். ரஞ்சிதா அசையாமல் நின்றாள். வெளியே வந்தபோது பெஞ்சில் பிச்சையம்மா நுனியில் உட்கார்ந்திருந்தாள். இவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, கையைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

முடிவு சாயங்காலம்தான் தெரியும் என்றார்கள். ரஞ்சிதாவுக்குப் பயம் போய்விட்டதா? எங்கே போகும்? இருந்தது. என்ன வந்தாலும் அது இனி அவள் பேருக்கும் அவள் உடம்புக்கும் சேர்ந்தே வரும், அவ்வளவுதான். இப்போது அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது வேறொன்றுக்காக. ரெஜினா கதவருகே வந்துவிட்டாள்.

"பிச்சையம்மா!"

பிச்சையம்மா எழுந்திரிக்கவில்லை. ரஞ்சிதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. வராண்டாவில் காத்திருந்தவர்கள் யார் அந்தப் பிச்சையம்மா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். உள்ளே ரெஜினா எதையோ சரி செய்யத் திரும்பினாள். கூப்பிட்ட பேர் காற்றிலேயே நின்றது.

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராமல் இருப்பதை வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று ரஞ்சிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சகிக்கவில்லை அவளுக்கு.

"சொல்லுக்கா. இங்க இருக்கேன்னு சொல்லு."

"சொன்னா அவனுக்குக் கேக்குமே தாயி."

"கேக்கட்டும். இம்புட்டு நாளா நீ குப்பைன்னு அவன நம்ப வச்சது போதும். நீ வேணும்க்கா. வேணும்னு சொல்லத்தான் நாங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறோம்."

பிச்சையம்மா பெஞ்சைப் பார்த்தாள். ரஞ்சிதாவுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. கூட வந்த ஆத்மநாதன் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். பிச்சையம்மா அந்தக் காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேசாகத் தலையை ஆட்டினாள், அங்கே இருந்த ஒருத்தி கேட்டதற்குச் சரி என்பதுபோல.

மணிக்கட்டை விட்டாள். எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகினாள். மறைத்துக்கொள்ளாமல் இரண்டு கறுப்புக் கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, வராண்டா முழுக்கக் கேட்கும்படி, வாழ்நாளில் அத்தனை சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை, அப்படிச் சொன்னாள்:

"பிச்சை! நான்தான் பிச்சை! இந்தா, உசுரோட இருக்கேன்."

சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமல் தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.